தையலுக்கு ஒரு எழுத்து

வெட்டும் கூடத்தின் சுவரில் ஒட்டியிருந்த அறிவிப்பை மாஸ்டர் மூன்று முறை படித்தார். முதல் முறை கண்ணாடி இல்லாமல், இரண்டாம் முறை கண்ணாடியோடு, மூன்றாம் முறை கண்ணாடியைத் துடைத்துவிட்டு. மூன்று முறையும் செய்தி மாறவில்லை.

அடுத்த மாதம் முதல் துணி வெட்டுவதற்குப் புது இயந்திரம் வருகிறது. அளவு எண்களைக் கொடுத்தால் அதுவே கணக்குப் போட்டு வெட்டிவிடும். அதை இயக்கப்போகிறவர்களுக்கு அந்தக் கணக்கு தெரிந்திருக்க வேண்டும். ஆகவே வெட்டுபவர்கள் நான்கு பேரும் ஒரு தேர்வு எழுத வேண்டும். பத்துக் கேள்விகள். ஏழு சரியாக இருந்தால் வெட்டும் கூடத்தில் இருக்கலாம். இல்லாவிட்டால் இஸ்திரிப் பிரிவுக்குப் போக வேண்டும். தவறியவர்களுக்கு ஒரே ஒரு மறுதேர்வு உண்டு. பாடம்: இயற்கணிதக் கோவைகளில் மாறிகளுக்குப் பதிலாக எண்களைப் பிரதியிட்டு மதிப்புக் காணுதல்.

"ஜன்னலோரமா ஒரு மேசை காலி பண்ணி வச்சிருக்கேன் மாஸ்டர்," என்றது பின்னாலிருந்து ஒரு குரல். இஸ்திரிப் பிரிவின் தலைவர். அவரை எல்லாரும் இஸ்திரி என்றுதான் கூப்பிடுவார்கள். அவருடைய சட்டை மட்டும் எப்போதும் கசங்கியிருக்கும். "நல்ல காத்து வரும். ஆவியும் வரும், அது வேற விஷயம்."

"யோவ், இன்னும் பரீட்சையே நடக்கல."

"அதான் சொல்றேன். நடந்தப்புறம் கேட்டா மேசை கிடைக்காது."

மாஸ்டர் கத்திரிக்கோலை எடுத்துக்கொண்டு தன் இடத்துக்குப் போனார். அந்தத் தொழிற்சாலையில் மருத்துவமனை அங்கிகளும் ஓட்டல் பணியாளர்களின் சீருடைகளும் தைத்தார்கள். அவர் இருபத்திரண்டு வருடமாக அங்கே துணி வெட்டுகிறார். ஒருவர் கதவைத் திறந்து உள்ளே வருவதற்குள் அவருடைய மார்பளவை அரை அங்குலம் பிசகாமல் சொல்லிவிடுவார். ஆனால் எட்டாம் வகுப்பில், கணக்குப் புத்தகத்தில் எண்களுக்கு நடுவே எழுத்துகள் வந்து உட்கார்ந்த அதே வாரத்தில்தான் அவர் பள்ளிக்கூடத்தை விட்டு நின்றார். இரண்டுக்கும் சம்பந்தமில்லை என்றும் அப்பாவின் தையல் கடையில் ஆள் தேவைப்பட்டது என்றும் சொல்லிவந்தார். கேட்டவர்கள் நம்பினார்கள். அவர் மனைவி மட்டும் நம்பவில்லை.

மனைவி ஒரு கிளினிக்கில் மருந்து கொடுக்கிறவர். சீட்டில் டாக்டர் கிறுக்கியிருப்பதை ஒரே பார்வையில் படிப்பார். அதனால் வீட்டில் மாஸ்டர் அவரை டாக்டரம்மா என்று கூப்பிடுவார், பெரும்பாலும் சண்டை முடிந்த பிறகு. அன்று மாலை சாப்பாட்டு மேசையைத் துடைத்துவிட்டு, டாக்டரம்மா ஒரு நோட்டுப் புத்தகத்தோடு எதிரே உட்கார்ந்தார். மேசையின் மூன்றாவது பக்கத்தில் அவருடைய அம்மா, மாஸ்டரின் மாமியார், ரேடியோவின் சத்தத்தைக் குறைத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ரேடியோவைக் கேட்பதற்காகக் குறைக்கவில்லை என்பது மூன்று பேருக்கும் தெரியும்.

"எக்ஸ் அஞ்சுன்னா, மூணு எக்ஸ் எவ்வளவு?"

"முப்பத்தஞ்சு."

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார். "எப்படிங்க?"

"மூணு நிக்குது. பக்கத்துல எக்ஸ் நிக்குது. எக்ஸை எடுத்துட்டு அந்த இடத்துல அஞ்சை வைக்கச் சொன்ன. வச்சேன். முப்பத்தஞ்சு."

"நடுவுல பெருக்கல் இருக்கு."

"எங்க இருக்கு?"

"எழுத மாட்டாங்க. ரெண்டும் ஒட்டி நின்னா பெருக்கல்னு அர்த்தம்."

"தினமும் பஸ்ல நானும் இஸ்திரியும் ஒட்டித்தான் நிக்கிறோம். எங்களையும் பெருக்கணுமா?"

"உங்க ரெண்டு பேரையும் கூட்டினாலே நாடு தாங்காது மாப்ளே," என்றார் மாமியார், ரேடியோவைப் பார்த்தபடி.

முப்பத்தைந்து சிக்கல் தீர இரண்டு நாள் ஆனது. "அஞ்சு இஞ்சுப் பட்டி மூணு வேணும்னா எத்தனை இஞ்சு எடுத்து வைப்பீங்க?" என்று டாக்டரம்மா கேட்டதும் மாஸ்டர் யோசிக்காமல் பதினைந்து என்றார். சொன்ன பிறகுதான் அது கணக்கு என்பதைக் கவனித்தார். ஏமாந்துவிட்டவர் போல மனைவியை ஒரு பார்வை பார்த்தார்.

நான்காம் நாள் டாக்டரம்மா பத்துக் கணக்குகளை எழுதிக் கொடுத்துவிட்டுக் குளிக்கப் போனார். திரும்பி வந்தபோது மாஸ்டர் பத்தையும் முடித்துவிட்டு, பேனாவுக்கு மூடி போட்டு, கைகளைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். முகத்தில் ஒரு தெளிவு.

பத்தும் தப்பு.

டாக்டரம்மா முதலில் தான் பார்த்ததுதான் பிசகிவிட்டதோ என்று மறுபடி சரிபார்த்தார். x = 5 என்றால் 3x + 2-இன் மதிப்பு 17. மாஸ்டர் எழுதியிருந்தது 20. x = 4 என்றால் 2x – 1-இன் மதிப்பு 7. மாஸ்டரின் விடை 9. x = 7 என்றால் x²-இன் மதிப்பு 49. மாஸ்டரிடம் அது 64. குத்துமதிப்பாக எழுதினால் பத்தில் ஒன்றாவது தவறிப்போய்ச் சரியாக இருக்கும். இவ்வளவு ஒழுங்காகத் தப்புச் செய்வதற்கு ஒரு முறை வேண்டும்.

தலையில் கட்டிய துண்டோடு அவர் வெகுநேரம் அந்தப் பக்கத்தையே பார்த்தார். மாமியார் ரேடியோவை நிறுத்தியே விட்டார்.

"அறுபத்துநாலு எப்படி வந்துச்சு?"

"எட்டெட்டு அறுபத்துநாலு. இது கூடவா தெரியாது."

"எக்ஸ் ஏழுன்னுதானே எழுதியிருக்கேன்."

"எழுதியிருக்க. ஏழுன்னா எட்டு எடுத்துக்கணும்ல."

"எதுக்கு?"

மாஸ்டர் அவரைப் பரிதாபமாகப் பார்த்தார். "தையலுக்கு விட வேணாமா? இந்தப் பக்கம் அரை இஞ்சு, அந்தப் பக்கம் அரை இஞ்சு. ஏழுக்கு ஏழே வெட்டினா தச்சப்புறம் ஆறுதான் நிக்கும். உலகத்துல எந்த மடையனும் ஏழுக்கு ஏழு வெட்ட மாட்டான்."

டாக்டரம்மா எழுந்து சமையலறைக்குப் போனார். அங்கே ஏதோ பாத்திரத்தை எடுப்பது போலச் சத்தம் கேட்டது. பிறகு சத்தமே இல்லை. கொஞ்ச நேரம் கழித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பி வந்தார்.

"அழுதியா?" என்றார் மாஸ்டர்.

"ஆமா," என்றார் அவர். "இங்க பாருங்க. கிளினிக்ல டாக்டர் அஞ்சு மில்லின்னு எழுதுறார். நான் கூட ஒண்ணு விட்டு ஆறு மில்லி குடுத்தா என்ன ஆகும்?"

"குழந்தை நல்லாத் தூங்கும்."

"எந்திரிக்காது. அஞ்சுன்னா அஞ்சுதான். எக்ஸுக்குத் தையல் கிடையாது."

மாஸ்டருக்கு அது வாதமாகப் படவில்லை. மருந்து வேறு, துணி வேறு. அவர் முகத்தைப் பார்த்த டாக்டரம்மா வேறு வழியில் வந்தார். நோட்டில் இரண்டு விடைகளையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதினார்.

"மூணு எக்ஸ் கூட்டல் ரெண்டு. உள்ளபடி பதினேழு. நீங்க எக்ஸுல ஒரே ஒரு இஞ்சுதான் விட்டீங்க. கடைசில எவ்வளவு கூடியிருக்கு?"

"மூணு."

"இங்க? எக்ஸ் வர்க்கம். நாப்பத்தொன்பது வரணும். உங்களுக்கு அறுபத்துநாலு."

மாஸ்டர் மனதுக்குள் கழித்தார். பதினைந்து. அவர் முகம் மாறியது. ஒரு இஞ்சு விடப் போய் பதினைந்து இஞ்சுத் துணி. இருபத்திரண்டு வருடத்தில் அவர் மேசையிலிருந்து குப்பைக்குப் போன துண்டுகள் உள்ளங்கையை விடப் பெரிதாக இருந்ததில்லை. குழந்தை எழுந்திருக்காது என்றபோது அசையாத மனிதர், துணி வீணாகிறது என்றதும் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"நான் துணியில இப்படி விட மாட்டேன்," என்றார் மெதுவாக. "எல்லாக் கணக்கும் முடிஞ்சப்புறம், கடைசியிலதான் விடுவேன்."

"இங்க கடைசிலயும் விடக் கூடாது. விடவே கூடாது. சரியா?"

"சரி," என்றார். ஆனால் சரியில்லை. புத்திக்குத் தெரிந்தது கைக்குத் தெரியவில்லை. மறுநாளும் x = 3 என்று பார்த்ததும் விரல்கள் தாமாகவே நான்கை எழுதின. அதற்கடுத்த நாள் மூன்று என்று எழுதிவிட்டு, யாரும் பார்க்காதபோது மூன்றரையாக்கினார். ஒரு பக்கத்துக்காவது இருக்கட்டும் என்று.

டாக்டரம்மா கிளினிக்கிலிருந்து மருந்து அளக்கும் சின்னப் பிளாஸ்டிக் மூடி ஒன்றைக் கொண்டுவந்து நோட்டுக்குப் பக்கத்தில் வைத்தார். "எக்ஸைப் பாக்குறப்ப எல்லாம் இதைப் பாருங்க. வாயால 'மருந்து'ன்னு ஒரு தடவை சொல்லுங்க. அப்புறம் நம்பரை எழுதுங்க."

அதற்குப் பிறகு அந்த வீட்டில் மாலை நேரங்களில் ஒரு மனிதர் முணுமுணுக்கும் குரல் கேட்டது. "x = 6. மருந்து. y = 2. மருந்து." கீழ் வீட்டுக்காரி படியில் நின்று, சாருக்கு உடம்புக்கு என்ன என்று விசாரித்தார். "ஒண்ணுமில்ல, அளவு பழகுறார்," என்றார் மாமியார். கீழ் வீட்டுக்காரி எதையோ புரிந்துகொண்டு தலையாட்டிவிட்டுப் போனார். அவர் புரிந்துகொண்டது எதை என்று மாஸ்டருக்குக் கடைசிவரை கவலையாகவே இருந்தது.

மூன்றாவது வாரத்தில் மாமியாரின் கோட்டு தயாரானது. குளிர் தொடங்குவதற்குள் வேண்டும் என்று மாதக்கணக்கில் கேட்டுக்கொண்டிருந்த கோட்டு. பழுப்பு நிறத்தில் கனமான துணி, அவரே அலைந்து வாங்கியது. மாஸ்டர் ஒரு ஞாயிற்றுக்கிழமை அளந்து, வெட்டி, தைத்து, மாலையில் போட்டுப் பார்க்கச் சொன்னார். மாமியார் ஒரு கையை நுழைத்தார். இன்னொரு கையை நுழைக்க டாக்டரம்மா உதவ வேண்டியிருந்தது. பித்தான்கள் ஒரு பக்கம், துளைகள் இன்னொரு பக்கம். இரண்டுக்கும் பேச்சுவார்த்தை இல்லை.

"மாப்ளே," என்றார் மாமியார், கைகள் இரண்டும் பக்கவாட்டில் விறைத்து நிற்க, "என்னை ஏதாவது பார்சல் அனுப்பப் போறீங்களா?"

மாஸ்டர் கோட்டின் விளிம்பைத் திருப்பிப் பார்த்தார். தையலுக்குத் துணியே விடவில்லை. இருபத்திரண்டு வருடத்தில் முதல் முறை. அளவு நாற்பது என்றால் நாற்பதே வெட்டியிருக்கிறார். வெட்டும்போது வாய் எதையோ முணுமுணுத்தது நினைவுக்கு வந்தது.

டாக்டரம்மா கைதட்டினார். "பழகிடுச்சுங்க. இனிமே பயமில்ல, நீங்க பாஸ்."

"அவர் பாஸ். நான்தான் ஃபெயில்," என்றார் மாமியார். "முதல்ல என்னை இதுக்குள்ள இருந்து எடுங்க."

கோட்டைப் பிரித்துத் தளர்த்த உள்ளே துணி இல்லை. அது கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கியது. தினமும் காலையில் மாஸ்டர் சட்டை எடுக்கும்போது அது அவரைப் பார்த்தது.

தேர்வு ஒரு புதன்கிழமை காலை, கேன்டீனில் நடந்தது. தாளைத் தயாரித்தவர் இன்ஜினியர், தலைமை அலுவலகத்திலிருந்து இயந்திரத்தோடு வந்த இளம்பெண். தொழிலாளர்களை மரியாதையாக நடத்த வேண்டும் என்பதில் உறுதியாக இருந்தவர். நான்கு பேரையும் தள்ளித் தள்ளி உட்காரவைத்து, ஆளுக்கொரு பென்சிலும் கொடுத்தார்.

மாஸ்டர் முதல் கேள்வியைப் பார்த்தார். x = 6 எனில் 4x – 5. "மருந்து," என்று முணுமுணுத்தார். 19. இரண்டாவது. "மருந்து." மூன்றாவதில் x, y இரண்டும் இருந்ததால் இரண்டு முறை சொன்னார்.

இன்ஜினியர் அருகே வந்து குனிந்தார். "ஏதாவது மாத்திரை போடணுமா மாஸ்டர்? தண்ணி கொண்டு வரட்டுமா?"

"வேணாம் மேடம். உள்ளுக்கு எடுக்கிறதில்ல."

ஆறு கேள்விகள் வழுவழுவென்று போயின. ஆறும் சரி என்று அவருக்கே தெரிந்தது. ஏழாவதற்கு வந்ததும் அவருக்குச் சிரிப்பு வந்தது. எழுத்துகளைக் கண்டு பயப்படுகிறவர்களுக்கு உதவியாக இருக்கட்டும் என்று, கடைசி நான்கையும் இன்ஜினியர் துணிக் கணக்காகவே கொடுத்திருந்தார். ஓர் அங்கியின் முன்பக்கத்துப் பாதித் துண்டின் அகலம் c/4 + 1 அங்குலம்; மார்பளவு c = 40 எனில் அகலம் என்ன? தோள்துண்டு c/8 + 3, அதே c. உயரம் h = 42 எனில் நீளம் h + 2; பை அளவு p = 7 எனில் பைத்துண்டு p – 1. இது என் வீடு, என்று நினைத்துக்கொண்டார் மாஸ்டர். வீட்டுக்குள் வந்ததும் செருப்பைக் கழற்றுகிறவர் போல மருந்தைக் கழற்றிவிட்டார். மளமளவென்று நான்கையும் எழுதி, முதல் ஆளாகத் தாளைக் கொடுத்தார்.

இன்ஜினியர் அங்கேயே உட்கார்ந்து திருத்தினார். அரை மணியில் முடிவு தெரிந்தது. மற்ற மூன்று பேரும் எட்டு, ஒன்பது, ஒன்பது. மாஸ்டர் ஆறு.

"முதல் ஆறும் அருமையா போட்டிருக்கீங்க மாஸ்டர்," என்றார் இன்ஜினியர். உண்மையாகவே வருத்தப்பட்டார். "ஈஸியான நாலுலதான் கோட்டை விட்டிருக்கீங்க. நாலுமே ஒண்ணு ஒண்ணு கூடியிருக்கு. பதினொண்ணு வரணும், பன்னெண்டு. எட்டு வரணும், ஒன்பது."

மாஸ்டர் தாளைப் பார்த்தார். துணியைக் கண்டதும் கை தன் வேலையைச் செய்திருக்கிறது. அங்கே நிற்கப் பிடிக்காமல், கத்திரிக்கோலையும் அளவு நாடாவையும் எடுத்து வைக்கலாம் என்று வெட்டும் கூடத்துக்குப் போனார்.

அங்கே இயந்திரத்தைச் சுற்றிக் கூட்டம். தேர்வில் தேறிய மூவரும் அதில் ஒரு அங்கியை வெட்டிக் காட்ட வேண்டும். தையல் பிரிவிலிருந்து ஒரு பெண் தயாராக வந்திருந்தார். வெட்டியதும் அங்கேயே தைத்துவிட. போட்டுப் பார்க்க மார்பளவு நாற்பது உள்ள ஓர் ஆள் தேவைப்பட்டது. இஸ்திரி தானாகவே முன்வந்தார். யாரும் எதையும் போட்டுக்கொள்ளச் சொல்லாத ஒரு மனிதர் என்பதால் அவருக்கு அதில் பெருமை.

"என்ன மாஸ்டர், சாமான் எடுக்க வந்தீங்களா?" என்றார். "மேசை மேல ஒரு பூத்தொட்டி கூட வச்சிருக்கேன்."

இயந்திரத்தின் திரையில் c = 40 என்று தட்டினார்கள். அது இளம்பச்சைத் துணியைச் சத்தமில்லாமல் வெட்டியது. மாஸ்டர் தள்ளி நின்று பார்த்தார். வெட்டு நேர்த்தியாகத்தான் இருந்தது. அதை ஒப்புக்கொள்ள வேண்டியிருந்தது. தையல்காரப் பெண் இருபது நிமிடத்தில் தைத்துக் கொடுத்தார். இஸ்திரி அதை மாட்டிக்கொண்டார்.

மாட்டிக்கொண்டார் என்பது இரண்டு விதத்திலும் உண்மை. அங்கி தோலோடு ஒட்டியது. கைகளைத் தூக்கியவர் இறக்க முடியாமல் நின்றார்.

"மூச்சு விடுங்க," என்றார் இன்ஜினியர்.

"விட்டுட்டேன்," என்றார் இஸ்திரி. "திரும்ப இழுக்கத்தான் முடியல."

இன்ஜினியர் குழம்பினார். நன்றாகத் தைத்து முடித்த ஓர் அங்கியைத் தானே துண்டு துண்டாக அளந்து அந்தக் கோவைகளை எழுதியதாகச் சொன்னார். பிறகு, துணி கொஞ்சம் சுருங்கியிருக்கும் என்று முடிவு செய்து, "c நாற்பதுக்குப் பதிலா நாற்பத்தொண்ணு குடுங்க," என்றார்.

"அது போதாது மேடம்."

எல்லாரும் திரும்பினார்கள். சொன்னவர் மாஸ்டர். அவருக்கே கொஞ்சம் ஆச்சரியமாக இருந்தது.

"நாலால வகுக்குறீங்கல்ல. c-யில ஒரு இஞ்சு கூட்டினா இங்க கால் இஞ்சுதான் வரும்."

"அப்ப நாற்பத்திநாலு குடுக்கலாம். நாலு கூட்டினா நாலால வகுத்து ஒண்ணு வந்துடும்."

"அகலத்துக்கு வரும். தோளை எட்டால வகுக்குறீங்க, அங்க அரைதான் வரும். நீளத்துல c-யே இல்ல. அங்க ஒண்ணுமே வராது." மாஸ்டர் அருகே வந்து மேசையில் கையை ஊன்றினார். மூன்று வாரமாக டாக்டரம்மா அவருக்குச் சொன்னதை இப்போது அவர் வாய் சொல்லிக்கொண்டிருந்தது. "c-யைத் தொடாதீங்க மேடம். அது அந்த மனுசனோட மார்பு. நாற்பதுன்னா நாற்பதுதான். மருந்து மாதிரி. தையலுக்கு விடுறதை c-யில விடக் கூடாது, கணக்கெல்லாம் முடிஞ்சு கடைசியில விடணும். நீங்க தச்ச அங்கியை அளந்திருக்கீங்க. தச்சப்புறம் உள்ள போன துணி உங்க டேப்புல எப்படித் தெரியும்?"

"ஒரு நிமிசம்," என்றது இஸ்திரியின் குரல், தூக்கிய கைகளுக்கு நடுவிலிருந்து. "பேசி முடிச்சப்புறம் யாராவது என்னைக் கழட்டுவீங்களா?"

இன்ஜினியர் மாஸ்டரின் விடைத்தாளைத் தேடி எடுத்தார். 12, 9, 45, 7. ஒவ்வொன்றும் ஓர் அங்குலம் கூட. அவர் முகம் சிவந்தது. மாஸ்டருக்கு அதைப் பார்க்கச் சங்கடமாக இருந்தது. கிட்டத்தட்ட மன்னிப்புக் கேட்கப் போனார்.

"ஆனா பேப்பருக்கு ஆறுதான் மாஸ்டர்," என்றார் இன்ஜினியர். "நான் குடுத்த கோவைக்கு விடை பதினொண்ணு. இல்லாததை நீங்களா கூட்டினீங்க. அதுக்கு மார்க் போட முடியாது."

"போடக் கூடாது," என்றார் மாஸ்டர்.

இன்ஜினியர் வெட்டு மேசையில் கிடந்த சாக்குக்கட்டியை எடுத்தார். மேசையின் கறுப்புப் பரப்பிலேயே எழுதினார்: c/4 + 1 + t. அடுத்ததில் c/8 + 3 + t. நான்கு கோவைகளின் கடைசியிலும் ஒரு t.

"இது தையலுக்கு. அதுக்குன்னு ஒரு எழுத்து குடுத்துட்டா நீங்க வேற எங்கயும் ஒளிச்சு வைக்க வேணாம்ல? மறுதேர்வு ஒண்ணு உண்டு. இப்பவே எழுதுங்க. தப்பான நாலு மட்டும், வேற நம்பர்ல." c = 48 என்றும் உயரம் 45 என்றும் பை 8 என்றும் எழுதினார். கடைசியாக t = 1.

மாஸ்டருக்கு ஒன்று சரியாக வந்தால் போதும், ஏழாகிவிடும். ஆனால் அவருடைய பழக்கம் ஒன்றைக் கெடுத்து மூன்றை விட்டுவைக்கிற ரகமல்ல. நான்கையும் சேர்த்துக் காப்பாற்றும், இல்லாவிட்டால் சேர்த்துக் கவிழ்க்கும். அவர் சாக்குக்கட்டியை வாங்கினார். நாற்பத்தெட்டில் கால் பன்னிரண்டு. அதோடு ஒன்று, பதின்மூன்று. தையலுக்கு ஒன்று, பதினான்கு.

கை நின்றது. மேசையின் மறுபாதியில் துணி விரித்திருந்தது. துணியைக் கண்டால் கைக்கு ஒரு பசி உண்டு. அது இன்னும் ஒன்று கேட்டது. கதவுக்குப் பின்னால் தொங்கும் பழுப்புக் கோட்டு நினைவுக்கு வந்தது. விடாமல் வெட்டியது அது. விட்டு எழுதியது காலையில் கேன்டீனில். இரண்டிலும் தோற்றாகிவிட்டது. அவர் மறுபடி மேசையைப் பார்த்தார். அங்கே t இருந்தது. விட வேண்டியதை விட்டாகிவிட்டது. ஒரே தையலுக்கு யாரும் இரண்டு முறை விடுவதில்லை.

14 என்று எழுதிவிட்டுக் கையை எடுத்தார். பிறகு 10. பிறகு 48. பிறகு 8.

இன்ஜினியர் ஒவ்வொன்றின் கீழும் கோடு போட்டார். "பத்துக்குப் பத்து," என்றார். "நாளைக்குக் காலையில வந்ததும் மீதிக் கோவையையும் நீங்க ஒரு தடவை பாருங்க. நான் பக்கத்துல உக்காந்துக்கறேன்."

தையல்காரப் பெண் இஸ்திரியின் பக்கத் தையலைப் பிரித்து அவரை விடுவித்தார். அவர் நீண்ட மூச்சு ஒன்றை இழுத்தார். "அப்ப அந்த மேசையை என்ன பண்றது? பூத்தொட்டி என் வீட்டுல இருந்து கொண்டு வந்தது."

"தண்ணி ஊத்துய்யா," என்றார் மாஸ்டர்.

பிரித்த இளம்பச்சை அங்கி இனி எதற்கும் உதவாது என்றார்கள். மாஸ்டர் அதைக் கேட்டு வாங்கி மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.

வீட்டில் அவர் நடந்ததைச் சொல்லி முடிக்கும்வரை டாக்டரம்மா குறுக்கே பேசவில்லை. முடித்த பிறகு, "அதாவது," என்றார், "நீங்க கணக்குக்குத் தகுந்த மாதிரி மாறல. கணக்கு உங்களுக்குத் தகுந்த மாதிரி மாறிடுச்சு."

"ரெண்டு பேரும் கொஞ்சம் கொஞ்சம் விட்டுக்குடுத்தோம்."

"என்கிட்ட இப்படி ஒரு நாளாவது விட்டுக்குடுத்திருக்கீங்களா?"

"உனக்குன்னு ஒரு எழுத்து இருந்தா சொல்லு டாக்டரம்மா, கடைசில கூட்டிடலாம்."

மாமியார் ரேடியோவை நிறுத்தினார். எழுந்துபோய்க் கதவுக்குப் பின்னாலிருந்து கோட்டை எடுத்து வந்து மேசையில் போட்டார்.

"அதெல்லாம் இருக்கட்டும். என் கோட்டுல அந்த டி எவ்வளவு போட்டீங்க மாப்ளே?"

மாஸ்டர் கோட்டைப் பார்த்தார். "பூஜ்யம், அத்தை."

"நினைச்சேன்."

மாஸ்டர் பையிலிருந்து இளம்பச்சைத் துணியை எடுத்து, கோட்டின் பக்கவாட்டில் வைத்துப் பார்த்தார். பழுப்புக்குப் பச்சை பொருந்தவில்லை. ஆனால் கையைத் தொங்கவிட்டால் வெளியே தெரியாது. இரண்டு பக்கமும் ஒரு நீளப் பட்டியாக வைத்துத் தைத்துவிடலாம். காதில் செருகியிருந்த சாக்குக்கட்டியை எடுத்தார்.

"ஒரு இஞ்சு விடட்டுமா?"

மாமியார் கொஞ்சம் யோசித்தார். இதுவரை அந்த மேசையில் எல்லா எண்களையும் மற்றவர்கள்தான் கொடுத்துவந்தார்கள்.

"ரெண்டு போடுங்க," என்றார். "சாப்பிட்டப்புறமும் நான் அதைப் போடணும்ல."